ஐயரும் ஃபாதரும் இல்லாம செத்த வீடு செய்யலாமோ?

கொட்டாஞ்சேனை பொடியன்:
எங்கட பழைய ஃபுட்பால் மனேஜர் மோசம் போயிட்டார். தேவாரம் பூசை ஒண்டும் வேண்டாம், பொடியள் நாலு பேர் கதைச்சா காணும் எண்டு எழுதியே வச்சிருக்கிறார், மனுசி பிள்ளையளுக்கு ஓகே, ஆனா ஊரிலயிருந்து வந்த மாமாமார் ஒரே சண்டை. என்ன செய்யிறது?

அரைக்கிழம்:
இது புதுசில்ல தம்பி. இங்க இருந்த பகுத்தறிவுவாதி ஆபிரகாம் கோவூர் 1978இல செத்தப்போ சடங்கே இல்ல, உடம்பை மருத்துவ பீடத்துக்கு எழுதி வச்ச மனுசன். பொரளைக் கனத்தை மயானம் கொழும்பு மாநகர சபையின்ட இடம், மரணச் சான்றிதழோட போய் நேரத்தை புக் பண்ணுங்கோ.

லண்டன் மச்சான்:
இங்க ஹியூமனிஸ்ட் செத்த வீடு, அதாவது சமயச் சடங்கு இல்லாத செத்த வீடு, சாதாரணம். ஒராள் முன்னுக்கு நிண்டு நடத்துவார், செத்தவற்ற கதை, அவருக்குப் பிடிச்ச பாட்டு, பிறகு ஒரு நிமிசம் அமைதி. அந்த நிமிசத்தில மாமாமார் மனசுக்குள்ள கும்பிடட்டும், ஆர் தடுக்கிறது? மைக்கை மட்டும் அரசியல்வாதியளிட்ட குடுத்திடாதேங்கோ, விட மாட்டாங்கள்.

கோல்கீப்பர்:
பெட்டிக்கு மேல அவற்ற விசிலையும் வார் அறுந்த ஸ்டொப்வாட்சையும் வையுங்கோ. பழைய பொடியள் ஜேர்சியோட வந்து தூக்கட்டும். பிந்தி வாறவனை பெஞ்சில இருத்துவார், அதால நேரத்துக்குத் தொடங்குங்கோ.

கொட்டாஞ்சேனை பொடியன்:
பெரிய மாமா அமைதிக்கு ஓம் எண்டிட்டார். ஜேர்சி பதினொண்டு தேவை, ஆரிட்ட இருக்கு?