ஜிமேட் இன்ஃபரன்ஸ்: கடைசி ரெண்டு விடையில் மாட்டிக்கிறேன்

வணக்கமுங்க. ஈரோட்டிலிருந்து படிக்கிறேன், எம்.பி.ஏ. மாதிரி மேலாண்மைப் படிப்பில் சேர எழுதுற ஜிமேட் தேர்வுக்கு 6 வாரம் இருக்கு. வெர்பலில் (மொழித்திறன் பகுதி) 23 கேள்விக்கு 45 நிமிஷம். ஒண்ணுக்கு 2 நிமிஷம்கூட முழுசா இல்லை. எனக்கு இன்ஃபரன்ஸ் கேள்விக்கு, அதாவது பத்தியிலிருந்து என்ன முடிவு கிடைக்கும்னு கேக்கிறதுக்கு மட்டும் 3 நிமிஷம் போகுது. 10-க்கு 6 தான் சரி.

"கட்டாயம் உண்மை" வகையில் சிக்கல் இல்லைங்க. உதாரணமா, 'ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டிய மஞ்சள் மூட்டை எதுவும் ஏலம் போகவில்லை. சில விரலி மஞ்சள் மூட்டைகள் போயின.' அப்போ சில விரலி மூட்டையில் ஈரம் 10-ஐத் தாண்டலை, இது நிக்கும். 'ஏலம் போகாததெல்லாம் ஈர மூட்டை' என்பது திருப்பிப் போட்ட தப்பு. விலை கட்டாமக்கூட நின்னிருக்கலாம்.

இடறுறது "மிக வலுவாக ஆதரிக்கப்படுவது எது" வகையில்தான். விடையை மறுத்துப் பார்த்து, பத்தியோடு மோதுதான்னு சோதிச்சா அஞ்சுமே மோதமாட்டேங்குது. 'எல்லாம்', 'மட்டுமே' வர்ற விடைகளை முதல்லயே அடிச்சுப் பார்த்தேன். பத்தியே 'எல்லாம்'னு சொல்றப்ப அது கவுத்துடுது. 'சில', 'பெரும்பாலான' இதுக்கெல்லாம் வட்டம் வரைஞ்சும் பார்த்தாச்சு, நேரம்தான் கரைஞ்சது.

மறுப்புச் சோதனையில் எதுவும் தேறாதப்போ, மிச்சமிருக்கிற ரெண்டில் ஒண்ணை எதை வெச்சு வெட்டுறீங்க?