சர்க்கரையால் வந்த கண் பாதிப்புக்கு லூட்டீன் மாத்திரை: பலன் இருக்கான்னு எப்படிப் பார்ப்பது?

பாலக்கோடு வாசி:
அம்மாவுக்கு 57 வயசு, 12 வருஷமா சர்க்கரை. தர்மபுரி ஜி.எச்.ல சொட்டு மருந்து விட்டுப் பார்த்துட்டு, ரெட்டினா (விழித்திரை) பாதிப்பு நடுத்தரம், நீர்வீக்கம் இல்லை, ஆறு மாசத்துல வாங்கன்னு சொல்லியிருக்காங்க. லூட்டீன்ங்கற நிறமிச்சத்தும் ஆல்பா லிபோயிக் ஆசிடுங்கற ஆன்டிஆக்ஸிடன்டும் சேர்ந்த சத்து மாத்திரை மெடிக்கல்ல தர்றாங்க. கொடுத்துப் பார்க்கலாமா? வேலை செய்யுதான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?

கண் பரிசோதகர், கிருஷ்ணகிரி:
"இப்போ நல்லாத் தெரியுதா"ன்னு அம்மாகிட்ட கேட்டு முடிவு பண்ணாதீங்க தம்பி. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸ்ல நீர்ச்சத்து மாறி, பவரே மாறும். மாத்திரை தொடங்கின மாசத்துல சர்க்கரையும் கட்டுக்குள்ள வந்தா எழுத்து தெளிவாத் தெரியும், பேரு மாத்திரைக்குப் போயிடும். ரெட்டினா இருந்தபடியேதான் இருக்கும்.

அதனால முதல் மாத்திரைக்கு முன்னாடியே ரெட்டினா போட்டோ, ஓ.சி.டி. ஸ்கேன் (ரெட்டினாவோட தடிமனை அளக்கறது) ரெண்டும் எடுத்து வைங்க. கூடவே எச்பிஏ1சி (மூணு மாச சர்க்கரை சராசரி), பிபி, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின். இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை இருந்தா எச்பிஏ1சி நிஜத்தைவிடக் கூடுதலாக் காட்டும். ஆறு மாசம் கழிச்சு ஓ.சி.டி.யை அதே மெஷின்லயே எடுங்க. மெஷின் மாறினா தடிமன் அளவும் மாறும். நடுவுல டாக்டர் சர்க்கரை, பிபி மருந்தை மாத்தினா தேதியோட எழுதி வைங்க. சோதனைக்காக அதைத் தள்ளிப் போடக் கூடாது.

இவ்வளவு செஞ்சும், ரெட்டினா மோசமாகலைன்னா அது மாத்திரையாலயா, நோயே மெதுவாப் போகுதான்னு ஒரே ஆளை வச்சுப் பிரிக்க முடியாது.

மருந்தாளுநர், ஓசூர்:
லூட்டீன் 10 மி.கி., அதேபோன்ற நிறமியான ஸீயாக்ஸாந்தின் 2 மி.கி. என்ற அளவு 2013இல் வெளியான ஏரெட்ஸ்2 ஆய்விலிருந்து வந்தது. அது வயதால் வரும் மாக்குலா (ரெட்டினாவின் மையப் பகுதி) தேய்வுக்கான ஆய்வு. சர்க்கரைக் கண்ணுக்கு அல்ல. ஆல்பா லிபோயிக் ஆசிடைத் தினம் 600 மி.கி. வீதம் இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. மாக்குலா வீக்கத்தை அது தடுக்கவில்லை.

அட்டையின் பின்பக்கம் படியுங்கள். வைட்டமின் சி அதிக அளவில் இருந்தால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் ஆபத்து. ஆஸ்பிரினோ வார்ஃபரினோ எடுப்பவர்களுக்கு வைட்டமின் இ 400 யூனிட் ரத்தக்கசிவைக் கூட்டலாம். புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் வேண்டவே வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஃபீனோஃபைப்ரேட் பற்றி. கொழுப்புக்கான பழைய மாத்திரைதான். 2007இல் வந்த ஃபீல்டு (FIELD) என்ற பெயருள்ள ஆய்வில், அதை எடுத்தவர்களில் கண்ணுக்கு லேசர் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் குறைந்தார்கள். 2024இல் வந்த லென்ஸ் (LENS) என்ற பெயருள்ள ஆய்வில், ஆரம்பநிலை பாதிப்பு மோசமாவது 27 சதவீதம் குறைந்தது. கிரியேட்டினினை ஏற்றும், ஆகவே சிறுநீரகம் பார்க்காமல் நீங்களாக வாங்கித் தரக் கூடாது.

பாலக்கோடு வாசி:
ரொம்ப நன்றிங்க. முருங்கைக்கீரையும் ராகிக் களியும் கொடுத்தா லூட்டீனுக்குப் பதிலா ஆகுமா?

கண் பரிசோதகர், கிருஷ்ணகிரி:
கீரையில லூட்டீன் இருக்கு. கொழுப்போட சேர்ந்தாத்தான் உடம்புல ஏறும், கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்க. சாப்பாடா நல்லது, ரெட்டினாவுக்கு மருந்தா எண்ணாதீங்க. களியும் மாவுச்சத்துதான், உருண்டையைச் சின்னதாக்கி கீரையைக் கூட்டுங்க. சர்க்கரை, பிபி மாத்திரை ஒரு வேளைகூட விடக் கூடாது. நம்ம சாமனப்பள்ளியில 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் அரசுத் திட்டத்துல அந்த மாத்திரைகளை வீட்டுக்கே தர்றாங்க, பதிவு பண்ணிடுங்க.

திடீர்னு கரும்புள்ளி மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ, கதவு நிலை வளைஞ்சு தெரிஞ்சாலோ ஆறு மாசம் காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.