வால்ட்ஸ் ஆடும்போது மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விடுவது?

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருமணத்தின் 25ஆவது ஆண்டு நிறைவு வருவதால், நானும் என் கணவரும் மூன்று மாதங்களாகப் பம்பலப்பிட்டியில் ஒரு மாலை வகுப்பில், மூன்றெண்ணிக்கையில் இருவர் இணைந்து சுழன்று ஆடும் வால்ட்ஸ் நடனத்தைப் பழகி வருகிறோம். எங்கள் குடும்பக் கலியாணங்களில் மணமக்கள் முதலில் வால்ட்ஸ் ஆடிய பிறகுதான் மற்றவர்கள் பைலா ஆட்டத்துக்கு இறங்குவார்கள். எங்கள் கலியாணத்தின்போது பழகுவதற்கு நேரம் கிடைக்கவில்லை; இம்முறையாவது நிறைவாக ஆடவேண்டும் என்பது இருவருடைய ஆசை.

அடிகள் கைவந்துவிட்டன, மூச்சுத்தான் வசப்படவில்லை. திருப்பம் தொடங்கியதும் இவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். என் முதுகில் இருக்கும் அவருடைய வலக்கை பலகைபோல் இறுகுவதிலிருந்தே எனக்கு அது தெரிந்துவிடுகிறது. உடனே நானும் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். பாட்டு முடிவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்குகிறது, எனக்குத் தலையும் சுற்றுகிறது. "மூச்சு விட்டு ஆடுங்கள்" என்று ஆசிரியர் சொல்கிறாரே தவிர, எந்த இடத்தில் என்று சொல்லித் தருவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கையோடு மூச்சைப் பொருத்தவேண்டுமா? இருவரும் ஒரே நேரத்தில் சுவாசிக்கவேண்டுமா? இவர் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவர் என்பதையும் குறிப்பிடவேண்டும்.

தெஹிவளைக் கடற்கரை எழுதியது:

சகோதரி, கணவரின் கையைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மூச்சு நின்றால் விலா எலும்புகள் அசையமாட்டா. அவை அசையாதபோது தோளும் கையும் இறுகிவிடும். எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அந்தக் கை சொல்லவந்த செய்தி இறுக்கத்துக்குள்ளேயே அமுங்கிப்போகும். ஆகவே முதலில் மூச்சைத் திறந்துவிடுங்கள், அழகு பிறகு வரட்டும்.

கணக்கு எளிது. மெது வால்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 30 மூன்றெண்ணிக்கைச் சுற்றுகள் வரும். அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி. ஒரு சுற்றில் இழுத்து அடுத்த சுற்றில் விட்டால், நிமிடத்துக்கு 14 அல்லது 15 மூச்சு ஆகிறது. கதிரையில் சும்மா இருக்கும் ஒருவரே நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை சுவாசிக்கிறார் என்பதால், உடம்புக்கு இது பழகிய வேகந்தான். வலப்பக்கத் திருப்பத்துக்கு ஆறு அடிகள், அதாவது இரண்டு சுற்றுகள். முதல் மூன்று அடிகளில் இழுத்துப் பின் மூன்று அடிகளில் விட்டால், திருப்பம் முடிந்து முழங்கால் தாழும் இடத்திலேயே மூச்சும் வெளியேறி முடியும். இழுக்கும் காற்றைத் தோளுக்கு ஏற்றாமல் முதுகுப்பக்க விலாக்களை விரிக்கவிடுங்கள். அவருடைய கை உங்கள் இடது தோள்பட்டை எலும்பின்மேல் இருப்பதால், அந்த விரிவை அவர் உள்ளங்கையிலேயே உணர்வார். எனக்குத் தெரிந்தவரை, இணைந்து ஆடுவதில் மூச்சின் முதற்பயன் அமைதி தருவதல்ல. அடுத்த அசைவை ஒரு கணம் முன்னதாக மற்றவருக்கு அறிவிப்பதுதான்.

இதை நான் வால்ட்ஸில் கற்கவில்லை. வெளிநாட்டில் இருந்த காலத்தில் டாங்கோ ஆடியபோது கற்றேன். புவெனஸ் அயர்ஸிலும் மொன்டெவிடேயோவிலும் வளர்ந்து, 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த ஆட்டத்தை, நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்த அணைப்பில் ஆடுவார்கள். பாட்டுத் தொடங்கியதும் யாரும் பாய்ந்து அடியெடுத்து வைப்பதில்லை. இருவரும் அணைத்தபடி நின்று இசையைச் சற்றுக் கேட்பார்கள். ஆட்டத்தை வழிநடத்துபவரின் நெஞ்சு மெல்ல நிறைவதை மற்றவர் உணர்வார். அந்த மூச்சு இறங்கும்போது முதல் அடி பிறக்கும். அதற்கு இசைக்கும் பாண்டோனியன் என்ற கருவியே துருத்தி விரிந்து சுருங்கி மூச்சு விடுகிற கருவிதான். இருவரும் எப்போதும் ஒன்றாகச் சுவாசிக்க முயலவேண்டாம். தொடக்கத்தில் ஒருமுறை சேர்ந்தால் போதும், அதன்பின் அவரவர் மூச்சு அவரவருக்கு.

பாட்டு வகுப்பு எழுதியது:

மேலே எழுதியவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன், எண்ணிக்கை பற்றிய பகுதியைத் தவிர. அடியையும் எண்ணி மூச்சையும் எண்ணத் தொடங்கினால் இரண்டுமே தடுமாறும். நான் கர்நாடக சங்கீதம் கற்பிப்பவள். எங்கள் கீர்த்தனைகளில் பல, தாளத்தின் முதல் தட்டான சமத்தில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கப்படுபவை. அந்தச் சிறிய இடைவெளியில் பாடுபவர் இழுக்கும் மூச்சைப் பார்த்தே, பக்கத்திலிருக்கும் மிருதங்கக்காரர் எடுப்பு, அதாவது பாட்டின் தொடக்கம், எங்கே விழும், எவ்வளவு அழுத்தமாக விழும் என்பதைப் பிடித்துக்கொள்கிறார். ஒத்திகையே இல்லாத கச்சேரிகளில் இது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான்: நீங்கள் ஆடப்போகும் பாட்டின் மெட்டை இருவரும் வாய்க்குள் முனகிக்கொண்டே ஆடுங்கள். மூச்சை வெளியே விடாமல் யாராலும் முனக முடியாது. மெட்டின் வரி எங்கே முடிகிறதோ, அங்கே உள்மூச்சு தானாகவே வரும். ஒரு கிழமை கழித்து முனகலை நிறுத்திப் பாருங்கள். உள்மூச்சு அதே இடங்களில் தானாகவே வரும்.

வெள்ளவத்தை மருத்துவர் எழுதியது:

தலைச்சுற்றுப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூச்சை அடக்கிவைத்துப் பிறகு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கும்போது, இரத்தத்தில் கரியமிலவாயு அளவுக்கு மேல் குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் நாளங்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல் நுனிகளும் விறைக்கலாம். எனவே "நன்றாக இழுத்து விடுங்கள்" என்று யாராவது சொன்னால், அதை மிகைப்படுத்தவேண்டாம். உடலை இறுக்கி மூச்சடக்குவது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தக்கூடியது என்பதால், உங்கள் கணவர் அந்தப் பழக்கத்தை விட்டாகவேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை இலேசில் உலராது. இடையிடையே தண்ணீர் குடியுங்கள். நெஞ்சில் வலியோ அழுத்தமோ தோன்றினால், ஆட்டத்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, பத்து நாட்களாக முனகிக்கொண்டே ஆடினோம். எண்ணிக்கை முறை இவருக்குப் பிடித்தது, முனகல் எனக்குப் பிடித்தது. ஆகவே இவர் எண்ண, நான் முனகினேன். நான்காம் நாள், இவர் திடீரென்று நின்று, என் விலா தன் கையின்கீழ் விரிவதை உணர முடிகிறது என்றார். இத்தனை ஆண்டுகளில் அதை ஒருநாளும் கவனித்ததில்லையாம். இப்போது தொடங்குவதற்கு முன் அந்த விரிவுக்காகக் காத்திருக்கிறார். கையும் இளகிவிட்டது, எனக்குத் தலை சுற்றுவதில்லை.

இடப்பக்கத் திருப்பத்தில் மட்டும், நான்காவது அடி வந்ததும் இருவருக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. வியாழக்கிழமை வகுப்பில் அந்த ஓர் அடியை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்பப் பழக எண்ணியிருக்கிறோம்.