அம்மாவின் டி.எஸ்.எச். எப்போதும் நார்மல்தான்: பிட்யூட்டரி அனுபவங்கள்

சித்திரை வெயிலில் தஞ்சாவூர்ப் பக்கமே வெந்துகொண்டிருக்கும்போது அம்மா ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் படுத்திருப்பாள். வியர்வை என்பதே கிடையாது. 1998-இல் தம்பி பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், நாலு பாட்டில் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அதற்கு அப்புறம் ஒரு சொட்டுப் பால் வரவில்லை. பாட்டி பூண்டும் பால்சுறாப் புட்டுமாகச் செய்து போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. "பிள்ளைக்குக் கொடுக்க மனசு இல்லை" என்று உறவில் பேசினார்கள். மாதவிலக்கும் அதோடு நின்றது. அப்போது அம்மாவுக்கு 29 வயது. குடும்பக் கட்டுப்பாடு செய்ததால்தான் நின்றுவிட்டது என்று எல்லாரும் நம்பினோம்.

எத்தனையோ டாக்டர்கள் தைராய்டைச் சந்தேகப்பட்டு டி.எஸ்.எச். என்ற ரத்த டெஸ்ட் எடுத்தார்கள். 2.1, 1.8, 2.4 என்றே வரும். தைராய்டு நன்றாக இருக்கிறது, சத்து மாத்திரை சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

2021-இல் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் அம்மாவுக்கு என் பெயரே தெரியவில்லை. ரத்தத்தில் சோடியம் 112. அது 135-க்கு மேல் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஹார்மோன் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அம்மாவின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். முடியே இல்லை. அப்புறம் என்னிடம் கேட்டார்: "கடைசிப் பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா? பால் வந்துச்சா?"

23 வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

அவர் எனக்குப் புரிய வைத்ததைச் சொல்கிறேன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். அதிலிருந்து காம்பு போலத் தொங்குகிற பட்டாணி அளவு சுரப்பிதான் பிட்யூட்டரி. உடம்பில் என்ன தேவை என்று ஹைப்போதலாமஸ் பார்த்துச் சொல்ல, பிட்யூட்டரி தைராய்டுக்கும், சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரினல் சுரப்பிக்கும், சினைப்பைக்கும் தனித்தனியாக உத்தரவு அனுப்புகிறது. தைராய்டுக்குப் போகும் உத்தரவின் பெயர்தான் டி.எஸ்.எச். தைராய்டு சுணங்கினால் உத்தரவு கூடும், அதனால் டி.எஸ்.எச். ஏறும். உத்தரவு போடுகிற பிட்யூட்டரியே செத்துப் போயிருந்தால் அது எப்படி ஏறும்? அம்மாவின் ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கிற ஹார்மோனின் அளவு, அதலபாதாளத்தில் கிடந்தது. அந்த அளவுக்கு டி.எஸ்.எச். எங்கேயோ எகிறியிருக்க வேண்டும். ஏறாமல் 'நார்மல்' என்று நின்றதுதான் நோய்க்கே அடையாளம்.

கர்ப்ப காலத்தில் பால் சுரக்க வைக்கும் செல்கள் பெருகி பிட்யூட்டரி வீங்குமாம். அதற்கு ரத்தம் வருவதும் அழுத்தம் குறைந்த குழாய்கள் வழியாக. பிரசவத்தில் பெரிய ரத்தப்போக்கு ஏற்பட்டு அழுத்தம் விழுந்தால் அதன் முன்பகுதி பட்டுப்போகிறது. கிளாஸ்கோவில் ஷீஹன் என்ற நோயியல் மருத்துவர் 1937-இல் இதை விவரித்தார், அதனால் ஷீஹன் சிண்ட்ரோம். ஸ்கேனில் அம்மாவுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட காலி.

முதலில் அட்ரினல் சுரக்க வேண்டிய கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை, சில நாள் கழித்துத்தான் தைராய்டு ஹார்மோனான தைராக்சின். இந்த வரிசையை மாற்றவே கூடாது என்றார். கார்டிசால் இல்லாத உடம்பில் தைராக்சினை முதலில் கொடுத்தால், இருக்கிற கொஞ்சமும் வேகமாகச் செலவாகி ஆளே சரிந்துவிடலாம்.

ஆறு மாதம் கழித்து ஊரில் ஒரு கிளினிக்கில் டி.எஸ்.எச். 0.05 என்று பார்த்துவிட்டு தைராக்சினைக் குறைக்கச் சொன்னார்கள். நல்லவேளை, ஹார்மோன் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். பிட்யூட்டரி பட்டுப்போனவர்களுக்கு டி.எஸ்.எச்.-ஐ வைத்து அளவு முடிவு செய்யக்கூடாது, ஃப்ரீ டி4-தான் பார்க்க வேண்டும்.

* * *

அக்கா, உங்கள் அம்மா வாங்கிய பேச்சை நினைத்தால் வயிறு எரிகிறது. என் கதை நேர் எதிர். குழந்தையே பெறாத எனக்குப் பால் கசிந்தது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 110. பிட்யூட்டரியில் கட்டியாக இருக்குமோ என்று வீடே அழுதது. டாக்டர் என் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். ஒன்றரை வருடமாக நானாகவே கடையில் வாங்கிச் சாப்பிட்ட கேஸ் மாத்திரை, பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது. மற்ற ஹார்மோன்களுக்கு ஹைப்போதலாமஸ் 'சுரக்கட்டும்' என்று சொல்கிறது. புரோலாக்டினை மட்டும் டோபமைன் அனுப்பி எந்நேரமும் அடக்கியே வைத்திருக்கிறது. டோம்பெரிடோன் அந்தப் பிடியை விடுவித்துவிடுகிறது. நிறுத்தியபின் எடுத்த டெஸ்ட்டில் 14. ஸ்கேனே தேவைப்படவில்லை.

* * *

படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. அப்பாவுக்கு 2017-இல் வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது. சிறுநீரகம் நின்று மூன்று வாரம் டயாலிசிஸ். பிழைத்து வந்தார். இப்போது இரண்டு வருடமாக எந்நேரமும் தூக்கம். பி.பி. 90/60. வாரம் இரண்டு முறை சவரம் செய்தவர் மாதம் ஒரு தடவை செய்கிறார். வயதாகிவிட்டது என்கிறார்கள், வயது 54-தான். டி.எஸ்.எச். நார்மல். அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். பாம்புக்கடிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

* * *

தம்பி, இருக்கிறது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தின் உறைதலைக் குலைத்து பிட்யூட்டரியையும் சிதைக்கக்கூடும். மியான்மர், இலங்கை, நம் பக்கம் எல்லாவற்றிலும் டாக்டர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சில பேருக்கு வருடக்கணக்கில் கழித்துத்தான் தெரிய வருமாம். ஆபரேஷன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். உடம்புக்குக் கார்டிசால் அதிகம் தேவைப்படுகிற நேரமே அதுதான். பாம்பு கடித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கார்டிசால், அதோடு ஃப்ரீ டி4, டெஸ்டோஸ்டிரோன் எடுக்கச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்கும் பாம்பு கடித்த விஷயம் தெரிய வேண்டும்.

* * *

அக்கா, போனோம். காலைக் கார்டிசால் 2. அந்த நேரத்தில் பத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டுமாம். ஃப்ரீ டி4, டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் கீழே. ஹைட்ரோகார்டிசோன் காலையில் 10 மில்லிகிராம், மத்தியானம் 5 ஆரம்பித்தாயிற்று. ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நாலாம் நாள் அப்பா யாரும் எழுப்பாமல் எழுந்து, தானே டீ போட்டுக் குடித்துவிட்டு வயலைப் பார்த்துவிட்டு வந்தார். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக்கணும், வாந்தி எடுத்தால் ஊசிதான் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவும் அதைக் கூடவே வைத்திருக்கிறாரா?

* * *

சுருக்குப் பையில், வெற்றிலையோடு.