முடிவெடுத்தால் கதை மாறுகிற ஆர்பிஜி (கதையில் ஒரு பாத்திரமாக மாறி ஆடுகிற) கேம் ஏதாவது சொல்லுங்களேன்

அடுத்து எதை ஆடலாம் என்று ஒரு யோசனை வேண்டும். 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியம் முடித்ததிலிருந்து வேறு எதுவும் பிடிக்க மாட்டேன் என்கிறது. அதில் வழக்கமான சண்டையே கிடையாது, எல்லாம் பேச்சும் பகடையும்தான், பகடை சரியாக விழாவிட்டாலும் பல இடங்களில் கதை நின்றுவிடாமல் வேறு பக்கம் திரும்பும், எனக்கு அதுதான் நல்ல ஆர்பிஜிக்கு அடையாளம். (லெவல் ஏறுவதும் வாள் சேர்ப்பதும் யாருக்குத்தான் பிடிக்காது, அது வேறு.) பால்டர்ஸ் கேட் 3 ஆடியாயிற்று. பெரிய மேப், ஏகப்பட்ட சில்லறை வேலை, எதைச் சொன்னாலும் எதிராளி ஒரே பதில் தருகிற ரகம் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்தில் எடுத்த முடிவு பல மணி நேரம் கழித்து வந்து உதைக்க வேண்டும். சண்டை ஆளுக்கு ஒரு முறை என்று மாறி மாறி நடந்தாலும் சரி. பழைய கேம் என்றாலும் சொல்லுங்கள், அப்புறம் தயவுசெய்து கிளைமாக்ஸை உடைத்துவிடாதீர்கள்!