பேச வாய் வராமல் போன அந்த ஒரு நிமிடம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

#1
ஆறு மாதமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. வேலை முடிந்து வாசலில் சக ஊழியரிடம் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பார்த்தால் இருவரும் போக வேண்டியது ஒரே பக்கம். மறுபடி என்ன பேசுவது? முதுகைக் காட்டி நின்று, போனில் ஏதோ அவசரமாகப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். திரை அணைந்திருந்தது. அந்தக் கறுப்புத் திரையில் என் முகம், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் அவர் முகம். அன்றிலிருந்து பத்து நிமிடம் தாமதமாகத்தான் கிளம்புகிறேன்.

#2
எனக்கு அறிமுகச் சுற்றுதான் எமன். வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வார்களே, அது. எனக்கு முன்னால் ஏழு பேர். ஒருவர் பெயர்கூடக் காதில் விழவில்லை, என் பெயரையே உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும் குரல் பாதியில் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். மேசையில் அது உரசிய சத்தம் இன்னும் கேட்கிறது. நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் கவனித்துவிட்டார் அல்லவா?

#3
கூட்டத்தில் டம்ளரைப் பிடித்தால் என் கை நடுங்கும். இறுக்கிப் பிடிப்பேன், இன்னும் நடுங்கும். ஒருமுறை சட்டையெல்லாம் தண்ணீர்.

#1, நீங்கள் போனுக்குள் ஒளிந்ததும் இதே கதைதான். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995-ல் இதை விளக்கியிருக்கிறார்கள்: தப்பிக்க நாம் செய்யும் இந்தச் சின்னச் சின்ன வேலைகள்தான் பயத்தை வளர்க்கின்றன. ஒளிந்ததால் பிழைத்தோம் என்று மனம் நம்பிவிடுகிறது, ஒளியாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்பதே இல்லை. #2, உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அதனால் இனி தைரியமாக "நானும் இந்தப் பக்கம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். தினம் ஒருவரிடமாவது பேசிப் பழகுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்.

#2
அந்தக் கால்வாசியில் ஒருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே.

#4
#3, யாரும் உங்களிடம் வழி கேட்கவில்லை. "சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்" என்கிறீர்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் எங்கே சிரிப்பது?

நண்பனின் அப்பா இறந்தபோது போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே அவனைச் சுற்றி ஆட்கள். செருப்பைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். நான் வரவே இல்லை என்றுதான் அவன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வருடமாகிறது. எழுதி எழுதி அழித்த மெசேஜ்களுக்குக் கணக்கில்லை.

#3
#4, மன்னியுங்கள். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

#1
#4, பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். வாசல் வரை வந்ததை மட்டும் சொல்லுங்களேன்.

#4
"அன்று வாசல் வரை வந்தேன், உள்ளே வர முடியவில்லை" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு டிக் விழுந்திருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.