‘சமயத் தெரிவுரிமை’ என்னும் சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இஸ்லாமியச் சட்ட மரபில், முஸ்லிம் அல்லாதவர்கள் தம் சமயத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது என்பதைப் பற்றிய சிறு நூலொன்றைத் தமிழில் ஆக்கும் வேலையில், பெங்களூரில் நாங்கள் நான்கு பேர் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறோம். முதல் பக்கத்திலேயே எங்களை நிறுத்திவிட்டது இவ்வுரிமைக்கான தமிழ்ச் சொல்; அதைப் பற்றிச் சென்ற மாதம் உங்களிடம் கேட்டிருந்தேன். ‘மதச் சுதந்திரம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். ‘சமயப் பொறை’ என்று ஒருவரும் ‘மத நல்லிணக்கம்’ என்று இன்னொருவரும் பரிந்துரைத்திருக்கிறீர்கள். நல்லிணக்கம் என்பது அண்டை வீட்டாருக்கு இடையே நிலவும் உறவைக் குறிக்கும் நல்ல சொல். அது ஓர் உரிமையின் பெயராகாது. பொறை என்பது பொறுத்துக்கொள்பவருடைய பண்பு. பொறுத்துக்கொள்ளப்படுபவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறது என்று அச்சொல் சொல்வதில்லை. ஆகவே இவ்விரண்டையும் விட்டுவிடுகிறேன். ‘மதச் சுதந்திரம்’ மட்டும் அப்படி எளிதில் விட்டுவிடக் கூடியதன்று.

அச்சொல்லின் குறை, அது தேவைக்கு மேல் விரிந்து கொடுப்பதுதான். நம் நாட்டுச் சட்டங்களையே பாருங்கள். 1967-இல் ஒரிசாவும் 1968-இல் மத்தியப் பிரதேசமும் இயற்றிய சட்டங்கள் மதச் சுதந்திரத்தின் பெயரைத் தாங்கியவை. ஆனால் அவை செய்தது, பலவந்தம், மோசடி, ஆசை காட்டுதல் ஆகியவற்றால் நிகழும் மதமாற்றத்தைத் தண்டனைக்குரியதாக்கியது. 1977-இல் உச்ச நீதிமன்றம் அவ்விரு சட்டங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு தரும் ‘பரப்பும் உரிமை’ என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றும் சொன்னது. எங்கள் கர்நாடகத்தில் 2022-இல் வந்த சட்டத்தின் பெயரிலும் ‘மதச் சுதந்திர உரிமைப் பாதுகாப்பு’ இருந்தது. மதம் மாற விரும்புகிறவர் முப்பது நாளுக்கு முன்பே மாவட்ட நடுவரிடம் (District Magistrate) அறிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஒரே சொல் ஒருவருக்கு ‘மாறலாம்’ என்றும் மற்றொருவருக்கு ‘மாற்றாதே’ என்றும் பொருள் தரும்போது, அச்சொல்லைக் கொண்டு ஆயிரத்து நானூறு ஆண்டுச் சட்ட மரபு ஒன்றை அளக்கப் புகுந்தால், படிப்பவர் தம் மனத்தில் உள்ள பொருளையே நூலில் கண்டெடுப்பார்.

உலக ஆவணங்களிலும் இதே சிக்கல் உண்டு. 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைச் சாற்றுரையின் 18-ஆம் பிரிவு, சமயத்தை ‘மாற்றிக்கொள்ளும்’ சுதந்திரத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தச் சாற்றுரைக்கு 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்து ஒரு நாடும் வாக்களிக்கவில்லை. சவூதி அரேபியா உள்ளிட்ட எட்டு நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. ‘மாற்றிக்கொள்ளும்’ என்ற சொல் சவூதி அரேபியாவின் தயக்கங்களுள் ஒன்று. அதே ஐ.நா. அவையில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் அப்பிரிவைக் குர்ஆனின் துணையோடு ஆதரித்துப் பேசினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1966-ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் ‘மாற்றிக்கொள்ளும்’ மறைந்து, ‘தம் தெரிவின்படி ஒரு சமயத்தைக் கொண்டிருக்கவோ ஏற்கவோ’ என்று ஆனது. 1981-ஆம் ஆண்டின் சமயச் சகிப்பின்மை ஒழிப்புப் பிரகடனத்தில் ‘ஏற்கவோ’ என்பதும் போய், ‘கொண்டிருக்க’ மட்டும் நின்றது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துத் தமிழாக்கியபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. வினைச்சொல் சுருங்கிக்கொண்டே வந்தாலும், பின்னிரண்டு ஆவணங்களிலும் ‘தெரிவு’ என்ற பெயர்ச்சொல் அசையாமல் இருக்கிறது. சர்ச்சையைக் கடந்து தங்கிய சொல் அதுதான்; நம் கலைச்சொல்லும் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

‘தேர்வு’ ஏன் கூடாது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் தேர்வு என்றதும் பரீட்சைதான் நினைவுக்கு வரும். ‘சமயத் தேர்வு’ என்று தலைப்பிட்டால் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். ‘தெரிவு’ இலங்கையில் இன்றும் அன்றாட வழக்கு. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அது ஆளைப் பற்றியதாயினும், ஆராய்ந்து எடுப்பது முதலில், தெளிவது பிறகு என்ற வரிசை சமயத்துக்கும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. எனவே ‘தெரிவுரிமை’. இதற்கு முன்னால் ‘மதம்’ வருமா, ‘சமயம்’ வருமா, ‘மார்க்கம்’ வருமா என்பதில் ஒரு மாதம் போயிற்று.

சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் சிறு அச்சகம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் முதல் இயலின் மெய்ப்பைக் கொடுத்திருந்தேன். வாணியம்பாடிக்காரர்; வீட்டில் உருதும் தமிழும் கலந்து புழங்கும். மறுநாள் போனபோது மெய்ப்பில் பதினோரு இடங்களில் ‘மதம்’ என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே ‘மார்க்கம்’ என்று எழுதியிருந்தார். ஏன் பாய் என்று கேட்டேன். “மார்க்கம்னா வழி, தம்பி. வழியில அவனவன் தன் காலாலதான் நடக்கணும். தூக்கிட்டுப் போய் நிறுத்தினா அவன் நடந்ததா ஆகுமா?” என்றார். தமிழ் முஸ்லிம்கள் ‘தீன்’ என்ற அரபுச் சொல்லுக்கு இணையாக மார்க்கம் என்பதையே வழங்கிவருகிறார்கள் என்பதை நான் அறிந்திருந்தும், மொழிபெயர்ப்பில் மதம் என்றே எழுதிக்கொண்டு போனது என் பிழை. உமறுப் புலவர் ‘தீன்’ என்பதையே தமிழ்ச் சொல்லைப் போலச் சீறாப்புராணத்தில் எடுத்தாண்டிருக்கிறார். இப்போதைய முடிவு இதுதான்: குர்ஆன் வசனங்களையும் முஸ்லிம்களின் உள்வழக்கையும் பேசும் இடங்களில் மார்க்கம், யூதர், கிறித்தவர், ஜொராஸ்ட்ரியர் (பார்சி சமயத்தார்), இந்துக்கள் எல்லோரையும் சேர்த்துப் பேசும் தலைப்புச் சொல்லில் சமயம்.

ஆனால் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ‘சமயத் தெரிவுரிமை’ என்ற சொல்லை ஆக்கிவிட்டு அதையே எல்லா இடத்திலும் போட்டுவிட்டால், ‘மதச் சுதந்திரம்’ செய்த அதே குழப்பத்தைப் புதுச்சொல்லும் செய்யும். இஸ்லாமியச் சட்ட நூல்களில் தனித்தனியே நிற்கும் மூன்று பொருள்கள் இங்கே இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

முதலாவது, இஸ்லாத்தை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தாமை. குர்ஆனின் 2:256-ஆம் வசனம் இதற்கு மூலம்: ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை.’ இவ்வசனம் இறங்கிய சூழலாக அபூதாவூதின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக வரும் செய்தி நெஞ்சைத் தொடுவது. மதீனாவில் இஸ்லாத்துக்கு முன்பு, பிறந்த குழந்தைகள் தங்காமல் போகும் தாய்மார்கள், இந்தக் குழந்தை பிழைத்தால் யூதனாக வளர்ப்பேன் என்று நேர்ந்துகொள்வதுண்டு. பின்னர் 625-ஆம் ஆண்டளவில் பனூ நளீர் என்னும் யூதக் குலத்தார் மதீனாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது, அவர்களிடையே அன்சாரிகளின் (நபிக்குத் துணைநின்ற மதீனா முஸ்லிம்களின்) பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளை விட மாட்டோம் என்றார்கள் பெற்றோர். அப்போதுதான் இவ்வசனம் இறங்கியது என்பது செய்தி. யூதராக வளர்ந்துவிட்ட மகனைக்கூடத் தாய் தந்தையர் நிர்ப்பந்தித்து மார்க்கத்துக்குள் இழுக்கக் கூடாது என்பதே அங்கு எழுந்த கேள்விக்கான விடை. இதற்கு ‘நிர்ப்பந்தமின்மை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘நிர்ப்பந்தத் தடை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வசனத்தில் உள்ளது ‘கூடாது’ என்னும் விலக்கன்று, ‘இல்லை’ என்னும் கூற்று. அதை விலக்காகவும் கொள்ளலாம் என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். நம் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும். ‘இன்மை’ கொடுக்கிறது, ‘தடை’ கொடுக்கவில்லை.

இரண்டாவது, முஸ்லிம் ஆட்சியின் கீழ் தம் பழைய சமயத்திலேயே நிலைத்திருக்கும் ஏற்பாடு. அரபியில் ‘திம்மா’, அதற்கு உட்பட்டவர் ‘திம்மி’. மூன்று சொற்களில் இதுவே மிகக் கடினமானது. ‘அடைக்கலக் குடிகள்’ என்ற பரிந்துரை கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அடைக்கலம் என்றால் வெளியிலிருந்து ஓடி வந்தவர் என்று பொருள்படும். எகிப்தின் கிறித்தவர்களும் ஈரானின் ஜொராஸ்ட்ரியரும் எங்கிருந்தும் ஓடி வந்தவர்கள் அல்லர். தம் மண்ணில் இருந்தார்கள், ஆட்சிதான் வந்தது. ‘பாதுகாக்கப்பட்ட சிறுபான்மையினர்’ என்பதும் பொருந்தாது. தொடக்க நூற்றாண்டுகளில் அந்நாடுகளில் அவர்களே பெரும்பான்மை. ‘திம்மா’ என்ற அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் கடப்பாடு, பொறுப்பேற்பு. அதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் ‘பிணை’தான், ஆனால் ‘பிணைக்குடி’ என்று எழுதினால் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் பிணைக்கைதி நினைவு வந்துவிடும். ‘காப்புறுதிக் குடி’ என்று எழுதிப் பார்த்தேன். இலங்கைத் தமிழர் அதை ஆயுள் காப்பீட்டோடு சேர்த்துப் படிப்பார்கள். இறுதியில் ‘காப்புடன்படிக்கை’ என்றும், அதற்கு உட்பட்டோரைக் ‘காப்புடன்படிக்கைக் குடியினர்’ என்றும் வைத்திருக்கிறேன். நீளந்தான்; ஆனாலும் காப்பு, உடன்படிக்கை என்னும் இரு கூறுகளையும் மறைக்காமல் காட்டுகிறது.

‘இரண்டாந்தரக் குடிமக்கள்’ என்றே எழுதிவிடுங்கள், நேர்மையாக இருக்கும் என்று ஒரு நண்பர் வற்புறுத்தியிருக்கிறார். அது மொழிபெயர்ப்பன்று, தீர்ப்பு. இக்குடியினர் செலுத்த வேண்டியிருந்த ஜிஸ்யா வரி, ஹனஃபி என்னும் சட்டப் பள்ளியின் நூல்களில் செல்வர், நடுத்தரத்தார், உழைப்பாளிகள் என்ற படிநிலைக்கேற்ப ஆண்டுக்கு 48, 24, 12 திர்ஹம் (வெள்ளி நாணயம்) என இருந்தது. பெண்கள், சிறுவர், துறவிகள், இயலாதவர் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. வரி செலுத்தியவர் படையில் சேர வேண்டியதில்லை. மறுபுறம், புதிய வழிபாட்டிடங்கள் கட்டவும் உடையிலும் ஊர்தியிலும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. முஸ்லிமுக்கு எதிராக அவர்கள் சொல்லும் சாட்சி பொதுவாக ஏற்கப்படவில்லை. இவ்வளவையும் நூலின் உள்ளே எழுதத்தான் போகிறோம். அங்கே சமமின்மையைச் சமமின்மை என்றே எழுதுவோம். அக்பர் 1564-இல் ஜிஸ்யாவை நீக்கியதும் ஔரங்கசீப் 1679-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்ததும் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கலைச்சொல்லே வழக்கறிஞராகவோ குற்றஞ்சாட்டுபவராகவோ மாறிவிட்டால், உள்ளே எழுதும் சான்றுகளை நம்ப யார் மிஞ்சுவார்கள்? அந்த அச்சகப் பெரியவரும் படிக்க வேண்டும், அவரோடு உடன்படாதவரும் படிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையில் தெரிவுரிமை: விரும்பிய சமயத்துக்குப் போகும் உரிமை. இதற்கும் முந்தைய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, சட்ட அறிஞர்கள் எழுப்பிய ஒரு கேள்வி போதும். காப்புடன்படிக்கைக்கு உட்பட்ட கிறித்தவர் ஒருவர் இஸ்லாத்துக்கு வராமல் யூதராக மாறினால் என்ன? அவரை யாரும் இஸ்லாத்துக்கு நிர்ப்பந்திக்கவில்லை. அவர் தம் பழைய சமயத்தில் நிலைக்கவும் இல்லை. ஹனஃபிகள் அவரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றார்கள். அவர்கள் பார்வையில் இஸ்லாம் அல்லாத சமயங்கள் அனைத்தும் ஒரே வகைப்பட்டவை. ஷாஃபிஈ என்னும் மற்றொரு சட்டப் பள்ளியின் மரபில் அதை ஏற்காத கருத்து வலுவாக உண்டு. நிர்ப்பந்தமின்மையைப் பொதுவாக ஒப்புக்கொண்ட மரபுக்குள்ளேயே தெரிவுரிமையில் கருத்து வேறுபட்டது என்பதை, ‘மதச் சுதந்திரம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? தமிழ்நாட்டு முஸ்லிம்களில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் இருப்பதால், இது நமக்குத் தொலைதூரச் செய்தியும் அன்று.

இன்றைய வழக்குகளிலும் இந்தப் பிரிப்பு உதவும். மலேசியாவில் இந்திரா காந்தி என்ற தமிழ்த் தாயின் மூன்று குழந்தைகளை, இஸ்லாத்துக்கு மாறிய கணவர் 2009-இல் தாயின் ஒப்புதலின்றி மதம் மாற்றினார். இருவருடைய ஒப்புதலும் வேண்டும் என்று 2018 ஜனவரியில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலேசியத் தமிழ் இதழ்கள் இதற்கு ‘ஒருதலைப்பட்ச மதமாற்றம்’ என்ற சொல்லை வழக்கில் கொண்டுவந்துவிட்டன. நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அங்கே யாரும் குழந்தையை அடித்து நிர்ப்பந்திக்கவில்லை. தெரிவு செய்யும் வயது வராத குழந்தைக்காக யார் தெரிவு செய்வது என்பதே கேள்வி. மகனுக்காக அழுத அந்த மதீனத்துத் தாய்மார்களின் கேள்வியை மறுபுறமிருந்து கேட்டது போல இது எனக்குப் படுகிறது.

இன்னும் ஒரு சொல்லுக்கு முடிவு காணவில்லை. முஸ்லிம் அல்லாதவராக இருந்து தம் தெரிவால் இஸ்லாத்தை ஏற்றவர், பிறகு மனம் மாறினால், அவர் அப்போது முஸ்லிம். அவர் வெளியேறுவது அரபியில் ‘ரித்தத்’. நான்கு மத்ஹபுகளின் (சுன்னி சட்டப் பள்ளிகளின்) பழைய நூல்களும் அதைக் கடுந்தண்டனைக்குரியதாக வைத்தன. ஹனஃபிகள் பெண்ணுக்கு மரண தண்டனை இல்லை, சிறைதான் என்றார்கள். மேற்கண்ட 2:256-ஐயும், ‘விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்’ என்னும் 18:29-ஐயும் காட்டி, இவ்வுலகில் அதற்குத் தண்டனை இல்லை என்று வாதிடும் முஸ்லிம் அறிஞர்கள் நம் காலத்தில் பலர். ‘மதத்துரோகம்’ என்று சில மொழிபெயர்ப்புகளில் காண்கிறேன். துரோகம் என்ற சொல்லிலேயே தண்டனை ஏறி உட்கார்ந்திருப்பதால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘மார்க்க விலகல்’ என்று எழுதிப் பெரியவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “விலகல்னா அவன் கொஞ்சம் தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு. திரும்பிப் போனவன்னு தெரியணும்” என்றார். ‘ரித்தத்’ என்பதன் வேர்ப்பொருள் திரும்புதலேயாதலால் அவர் சொன்னது சரி. ‘மார்க்கம் மீளல்’ என்றால் மார்க்கத்துக்குத் திரும்பி வருவது போலவும் ஒலிக்கிறது. வியாழக்கிழமை நான்காம் இயல் அச்சகத்துக்குப் போகிறது. அந்தச் சொல் வரும் ஏழு இடங்களிலும் இப்போதைக்குக் கோடிட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு